உங்கள் கோப்பைத் திறப்பது யார்?



சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை. திருக்கோகர்ணத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"சார், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசி நாள். எல்லாம் நிரப்பிவிட்டேன். போட்டோவை மட்டும் ஏற்கமாட்டேன் என்கிறது. டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டேன். படம் கெட்டுப்போய்விட்டது, ஸ்டூடியோவில் புதிதாக எடுத்து வா என்று சொல்லிவிட்டார்கள்."

"கொடும்மா, பார்ப்போம்" என்று வாங்கிப் பார்த்தேன். படத்தைச் சொடுக்கினால் அழகாகத் திறந்தது. கெட்டுப்போன படம் இப்படித் திறக்குமா? பிறகு கோப்பின் முழுப் பெயரைக் காட்டும்படி கணிப்பொறியின் அமைப்பை மாற்றினேன். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி. அதன் பின் ஜே.எஃப்.ஐ.எஃப். என்று நான்கு எழுத்துகள். விண்ணப்பத் தளமோ ஜே.பி.ஜி. என்று முடியும் படத்தை மட்டுமே ஏற்கும். அந்த நான்கு எழுத்துகளை அழித்து மூன்று எழுத்துகளை எழுதினேன். படம் ஏறிவிட்டது. அரை நிமிட வேலை.

அவள் மகிழ்ந்தாள். ஆனால் உடனே போய்விடவில்லை. நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், படத்தை நீங்கள் தொடவே இல்லை. பெயரைத்தான் மாற்றினீர்கள். அப்படியானால் எந்தக் கோப்பையும் பெயரை மாற்றி எதுவாக வேண்டுமானாலும் ஆக்கிவிடலாமா?"

எவ்வளவு நல்ல கேள்வி! அதற்கு விடை தேடத்தான் இந்தக் கட்டுரை. விடையோடு சேர்த்து என் கருத்து ஒன்றையும் சொல்லப்போகிறேன். ஒரு கோப்பு எந்த வகை, அதை எந்த நிரல் திறக்க வேண்டும் என்பதைக் கணிப்பொறியின் உரிமையாளரான நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நீங்களே முடிவு செய்யவும் வேண்டும். இன்று பெரும்பாலான வீடுகளிலும் பள்ளிகளிலும் அந்த முடிவை வேறு யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இது சரியன்று என்பது என் கருத்து.

பெயர்ச்சீட்டும் பொருளும்

எங்கள் ஊரில் 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் என்று பெயர், இருப்பது திருக்கோகர்ணத்தில். கற்சிலைகள், நாணயங்கள், பாறை வகைகள், பதப்படுத்திய விலங்குகள் என்று எத்தனையோ பொருள்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெயர்ச்சீட்டு. ஒரு குறும்புக்காரப் பையன் இரவோடு இரவாக இரண்டு பாறைகளின் சீட்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் என்ன ஆகும்? பாறைகள் மாறுமா? மாறா. ஆனால் சீட்டை மட்டும் படிக்கும் பார்வையாளர் ஏமாந்துபோவார். பாறையைப் பார்த்தே இனங்காணத் தெரிந்தவர் மட்டும், "சீட்டு தவறு" என்று சொல்லிவிடுவார்.

கணிப்பொறியிலுள்ள கோப்பு என்பது என்ன? அது எண்களின் நீண்ட வரிசை. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரையுள்ள ஏதேனும் ஒன்று. இந்த ஓர் எண்ணுக்குத்தான் பைட் என்று பெயர். படமும் பாட்டும் கடிதமும் வட்டுக்குள் இப்படிப்பட்ட எண் வரிசைகளே. படிக்கிறவர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தே அது படமாகவோ பாட்டாகவோ ஆகிறது.

இதற்கும் நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குடுமியான்மலைப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டிருக்கிறது. கல்வெட்டெழுத்து தெரியாதவருக்கு அது வெறும் கீறல். எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு, பொருள் விளங்காத எழுத்துகளின் வரிசை. இசையும் தெரிந்தவருக்கோ அது சுரங்களின் வரிசை. பாறை ஒன்றுதான், படிப்பவர்கள் வேறு.

கோப்பு அந்தப் பாறை. நிரல் அதைப் படிப்பவர். எந்தக் கோப்பை எந்தப் படிப்பவரிடம் கொடுப்பது என்று கணிப்பொறி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்த வகைக் கோப்பா, இந்த நிரலைக் கூப்பிடு என்று அந்தப் பட்டியல் சொல்லும். நீங்கள் ஒரு கோப்பை இருமுறை சொடுக்கும் ஒவ்வொரு தடவையும் கணிப்பொறி இந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறது.

வாலும் தலையும்

கோப்பின் வகையைக் கணிப்பொறி எப்படி அறிகிறது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வாலைப் பார்ப்பது. மற்றொன்று தலையைப் பார்ப்பது.

பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வருகிறதே, அந்தப் பின்னொட்டுத்தான் வால். 1970களில் புழங்கிய சி.பி./எம். என்ற இயக்க அமைப்பில் பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து என்று ஒரு கணக்கு இருந்தது. 1981இல் வந்த எம்.எஸ்.-டாஸ் அதையே எடுத்துக்கொண்டது. பிற்பாடு விண்டோஸில் நீண்ட பெயர்கள் வைக்க வழி பிறந்தது. ஆனால் வாலைப் பார்த்து வகையை முடிவு செய்யும் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் விண்டோஸில் ஒரு கோப்பைச் சொடுக்கினால், அது வாலைத்தான் பார்க்கிறது. சீட்டை மட்டும் படிக்கும் பார்வையாளரைப் போல!

தலை என்பது கோப்பின் தொடக்கத்திலுள்ள சில பைட்டுகள். ஜே.பி.ஜி. படம் 255, 216, 255 என்று தொடங்கும். பி.என்.ஜி. படம் 137, 80, 78, 71 என்று தொடங்கும். பி.டி.எஃப். கோப்பு ஒரு சதவீதக் குறியும் அதையடுத்து தன் பெயரின் மூன்று எழுத்துகளுமாகத் தொடங்கும். ஜிப் என்னும் சுருக்கப்பட்ட கோப்பின் முதல் இரண்டு எண்கள் 80, 75. இவை அந்த வகையை 1989இல் உருவாக்கிய ஃபில் கட்ஸ் என்பவருடைய பெயரின் முதலெழுத்துகளுக்கு உரிய எண்கள். இப்படித் தலையைப் பார்த்து வகை சொல்லும் ஒரு நிரல், யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பில் 1973ஆம் ஆண்டிலேயே இருந்தது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஜே.எஃப்.ஐ.எஃப். என்பது ஜே.பி.இ.ஜி. படத்தைப் பரிமாறிக்கொள்வதற்கான கோப்பு வடிவத்தின் பெயர். அதாவது, ஜே.பி.ஜி. என்று நாம் சொல்லும் அதே படம். தலை ஒன்றே, வால்தான் இரண்டு. நான் செய்தது சீட்டைத் திருத்தியது மட்டுமே. பொருளும் புதுச் சீட்டும் பொருந்தின, வேலை முடிந்தது.

அதுவே பி.என்.ஜி. படமாக இருந்து, நான் வாலை மட்டும் ஜே.பி.ஜி. என்று மாற்றியிருந்தால்? அது பொய்ச் சீட்டு. உள்ளே எண்கள் ஒன்றும் மாறியிருக்கா. சில நிரல்கள் தலையையும் பார்த்துவிட்டுப் படத்தைத் திறந்து காட்டிவிடும். நாமும் மாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்போம். தலையைச் சோதிக்கும் தளம் ஒன்று அதை மறுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வகையை உண்மையாகவே மாற்ற வேண்டுமானால், பெயிண்ட் போன்ற ஒரு நிரலில் படத்தைத் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, வேண்டிய வகையில் மீண்டும் சேமிக்க வேண்டும். அப்போதுதான் எண்கள் புதிதாக எழுதப்படும்.

சரி, யாரும் கேட்காத அந்த ஜே.எஃப்.ஐ.எஃப். வால் எங்கிருந்து வந்தது? இணையத்தில் வரும் கோப்புகளுக்கு மைம் என்று ஒரு பெயரிடும் முறை 1992இல் வகுக்கப்பட்டது. "இது ஜே.பி.இ.ஜி. படம்" என்று அந்த முறை சொல்லிவிடும். அதைச் சேமிக்கும்போது என்ன வால் ஒட்டுவது என்று விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. பல கணிப்பொறிகளில் அந்த வரியில் ஜே.எஃப்.ஐ.எஃப். என்று இருந்தது. உலாவி அதைப் பார்த்து அந்த வாலை ஒட்டியது. அந்தப் பெண் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பட்டியலின் ஒரே ஒரு வரி, அவளுடைய உதவித்தொகையைப் பறிக்கப் பார்த்தது! இதைச் சின்ன விஷயம் என்று எப்படித் தள்ளிவிடுவது?

பட்டியலை எழுதுவது யார்?

முன்பெல்லாம் எந்த நிரலும் இந்தப் பட்டியலில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். பாட்டுக் கேட்கும் நிரல் ஒன்றை நிறுவினால், மறுநாள் வீட்டிலுள்ள பாட்டுகள் அனைத்தும் அதில்தான் திறக்கும். வேறொன்றை நிறுவினால் அது பிடுங்கிக்கொள்ளும். தீய நிரல்களும் இதே வழியில் நுழைந்தன.

இதைத் தடுக்க 2012இல் வந்த விண்டோஸ் 8 ஒரு பூட்டுப் போட்டது. பயனர் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வுடன் ஒரு சரிபார்ப்புக் குறியும் கணக்கிடப்பட்டுப் பதிவேட்டில் சேரும். வேறு நிரல் எதுவும் கள்ளத்தனமாக அந்த இடத்தில் எழுதினால் குறி பொருந்தாது. விண்டோஸ் அந்தத் தேர்வைத் தள்ளிவிடும். நல்ல ஏற்பாடுதான். நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் பூட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்த கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். மக்கள் ஏற்கெனவே செய்திருந்த தேர்வுகளைப் புதிய அமைப்பு கலைத்துவிடுகிறது, மீண்டும் தேர்ந்தெடுப்பதையும் கடினமாக்குகிறது என்பது அவர் முறையீடு. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. வேறொரு உலாவிக்கு மாற வேண்டுமானால் ஒவ்வொரு வாலாக எடுத்துத் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. பலரும் குறை சொன்ன பிறகு, 2022இல் வந்த திருத்தத்தில் உலாவியை ஒரே பொத்தானில் மாற்ற வழி செய்தார்கள்.

ஏன் இந்த இழுபறி? மனிதர்கள் கையில் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் இயல்புடையவர்கள். நாம் ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் எது நடக்குமோ அதை 'டீஃபால்ட்' என்கிறோம். அந்த இடத்தைப் பிடித்தவருக்குக் கோடிக்கணக்கான பயனர்கள் சும்மா கிடைக்கிறார்கள். அதனால் அது பணம். உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு, பிறகு காட்டத் தவறியதற்காக ஐரோப்பிய ஆணையம் 2013 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் தன் செயலிகளையே முன்கூட்டி வைக்கச் செய்தது முதலியவை அதற்குக் காரணங்கள். இவ்வளவு பெரிய நிறுவனங்கள் இவ்வளவு பெரிய தொகைக்காக மோதிக்கொள்ளும் ஓர் இடத்தை, உங்கள் கணிப்பொறியில் இருந்தும் நீங்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாமா?

லினக்ஸ் இயக்க அமைப்புகளில் நிலைமை சற்று வேறு. அங்கே வாலுடன் தலையையும் பார்த்து வகை காண ஏற்பாடு உண்டு. நீங்கள் செய்த தேர்வுகள் உங்கள் சொந்த அடைவிலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். திறந்து படிக்கலாம், திருத்தலாம். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணிப்பொறிகளில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் என்ற நம் அரசு நிறுவனம் உருவாக்கியது. அப்படியொன்று இருப்பதைத் திறந்துகூடப் பார்க்காமல் எத்தனை மடிக்கணினிகள் மூலையில் கிடக்கின்றனவோ! உங்கள் அண்ணன், அக்காவின் பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

ஒளித்து வைத்த வால்

விண்டோஸில் இன்னொரு வழக்கம். தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளின் வாலை அது காட்டாது, மறைத்துவிடும். பெயர் பார்க்க அழகாக இருக்கட்டும் என்பதே நோக்கம். அருங்காட்சியகத்தில் சீட்டின் பாதியைக் கிழித்துவிட்டு, "பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!" என்று சொல்வது போன்றது இது.

இதன் விளைவை உலகம் 2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கண்டது. மணிலாவிலிருந்து கிளம்பிய ஒரு மின்னஞ்சல் நாடு நாடாகப் பரவியது. உடன் ஒரு காதல் கடிதம். அந்தக் கோப்பின் பெயருக்கு இரண்டு வால்கள். முதல் வால் டி.எக்ஸ்.டி., அதாவது வெறும் எழுத்து. இரண்டாவது வால் வி.பி.எஸ்., அதாவது இயங்கக்கூடிய நிரல். விண்டோஸ் கடைசி வாலை மறைத்துவிட்டதால், பார்த்தவர்கள் கண்ணுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பாகவே தெரிந்தது. சொடுக்கினார்கள். பட்டியல் தன் வேலையைச் செய்தது; அந்த நிரல் இயங்கிப் படங்களை அழித்தது, முகவரிப் பட்டியலிலுள்ள அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. இலட்சக்கணக்கான கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன.

அதன் பிறகு பலரும் ஓர் எளிய காப்பைச் சொன்னார்கள். வி.பி.எஸ். என்ற வாலை நோட்பேடுடன் இணைத்துவிடுங்கள் என்றார்கள். அப்புறம் தவறிச் சொடுக்கினாலும் அந்த நிரல் இயங்காது. வெறும் எழுத்தாகக் கண்முன் விரியும். பட்டியலில் ஒரே ஒரு வரியை மாற்றுவது எவ்வளவு பெரிய காவல், பாருங்கள்!

பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2024இல் நம் நாட்டில் பல இடங்களில் திருமண அழைப்பிதழ் என்று சொல்லி வாட்ஸ்ஆப்பில் ஒரு கோப்பு வந்தது. வால் ஏ.பி.கே. அது அழைப்பிதழே அல்ல. செல்பேசியில் நிறுவப்படும் செயலி. நிறுவியவர்களின் செல்பேசித் தகவல்கள் களவு போயின. பலர் பணம் இழந்தனர். அழைப்பிதழ் படமாக வரலாம், பி.டி.எஃப். ஆக வரலாம்; ஏ.பி.கே. ஆக ஏன் வர வேண்டும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த மாணவர் வீட்டில் ஒருவர் இருந்திருந்தால், அந்தத் தாத்தாவின் ஓய்வூதியம் தப்பியிருக்கும்.

திறக்க ஆளில்லாத கோப்புகள்

இன்னொரு துன்பமும் உண்டு. சீட்டு சரியாகவே இருக்கிறது; ஆனால் படிக்கத்தான் ஆளில்லை. தமிழ்நாட்டு அச்சகங்களில் பல ஆண்டுகளாக பேஜ்மேக்கர் என்ற நிரலில்தான் கோயில் திருவிழா அறிவிப்பும் பள்ளி ஆண்டுமலரும் உருவாயின. அந்த நிரலின் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது. அதன் பின் அடுத்த பதிப்பு வரவில்லை. அந்தக் கோப்புகளை இன்றைய கணிப்பொறியில் சொடுக்கினால், "எந்த நிரலால் திறக்க வேண்டும்?" என்று அது நம்மையே கேட்கும்.

நம் எழுத்துகளும் இதே பாடுபட்டன. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்குத் தோன்றியபடி எண் கொடுத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பு திறக்கும். ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு ஒரு பொது எழுத்துக் குறியீட்டை வகுக்க முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும், டேஸ் 16 என்ற முறையையும் ஏற்றது. அதற்குள் எழுதிக் குவித்தவற்றில் எவ்வளவு படிக்க முடியாமல் போயிற்றோ!

ஆகவே, கோப்பைத் திறப்பது யார் என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்தும் திறக்க ஆளிருக்குமா? விதிமுறைகள் வெளிப்படையாக அச்சிடப்பட்ட வடிவங்களில் சேமித்தால், ஒரு நிறுவனம் மூடிவிட்டாலும் வேறொருவர் அதைப் படிக்கும் நிரலை எழுதிவிடலாம். ஓ.டி.எஃப். என்ற ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாயிற்று. பி.டி.எஃப். 2008இல் ஆயிற்று. மின்னாட்சிக்குத் திறந்த தரங்களையே நாட வேண்டும் என்று இந்திய அரசு 2010இல் ஒரு கொள்கையும் வெளியிட்டது.

"இதெல்லாம் எதற்கு?"

ஆசிரியர் அறையில் இதைப் பேசினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "இது மெக்கானிக் வேலை. பையன்களுக்கு எதற்கு? சொடுக்கினால் திறக்கிறது, அது போதாதா?" என்கிறார்கள்.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவுடன் முதலில் என்ன செய்யச் சொல்கிறோம்? சுழிப்பிழை பார்க்கச் சொல்கிறோம். கருவி செய்தவர் சரியாகத்தான் செய்திருப்பார் என்று நம்பி அளக்கத் தொடங்கும் மாணவருக்கு மதிப்பெண் குறையும். அளவிக்கு ஒரு நீதி, அதைவிட ஆயிரம் மடங்கு சிக்கலான கணிப்பொறிக்கு வேறொரு நீதியா? சொடுக்கினால் திறக்கும் என்பது உண்மைதான். திறக்காத நாள் ஒன்று வரும். அது பெரும்பாலும் விண்ணப்பத்தின் கடைசி நாளாகத்தான் இருக்கும்!

தீய நிரல்களைத் தடுக்கத்தானே நிறுவனங்கள் பூட்டுப் போடுகின்றன என்று கேட்பவர்களும் உண்டு. பூட்டு இருக்கட்டும். சாவி வீட்டுக்காரரிடம் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நான் கேட்பவை மூன்று. பள்ளியின் கணிப்பொறி செய்முறை வகுப்பில் முதல் வாரமே வாலைக் காட்டச் செய்வதும், ஒரு வகையை வேறு நிரலுடன் இணைப்பதும் கற்பிக்கப்பட வேண்டும். விண்ணப்பத் தளங்கள் தலையைப் பார்த்து வகையை அறிய வேண்டும். மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று தமிழில் சொல்ல வேண்டும். இயக்க அமைப்பு செய்பவர்கள் வாலை மறைக்காமல் கொடுக்க வேண்டும்; வேண்டாதவர் மறைத்துக்கொள்ளட்டும்.

செய்து பாருங்கள்

முக்கியமான கோப்புகளில் கைவைக்காதீர்கள். எப்போதும் ஒரு படி எடுத்துக்கொண்டு அதில் சோதனை செய்யுங்கள்.

1. விண்டோஸ் 11இல் கோப்புறையைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா வால்களும் வெளியே வரும்.

2. நோட்பேடில் "வணக்கம்" என்று எழிதிச் சேமியுங்கள். அதன் வாலை ஜே.பி.ஜி. என்று மாற்றிச் சொடுக்குங்கள். படம் காட்டும் நிரல் திணறும். இப்போது நோட்பேடுக்குள்ளிருந்து அதே கோப்பைத் திறங்கள். வணக்கம் அப்படியே இருக்கும்.

3. ஒரு பி.டி.எஃப். கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் படியுங்கள். தலை தெரியும். எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

4. வேர்டில் எழுதிய டாக்ஸ் கோப்பின் படி ஒன்றை எடுத்து, வாலை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே பல கோப்புறைகள் இருக்கும். டாக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பெட்டி! இங்கே சீட்டு மாறியது. ஆனால் இரண்டு சீட்டுமே உண்மை. ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

5. கடைசியாக, இணைப்பை மாற்றுங்கள். 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டீஃபால்ட் ஆப்ஸ்' என்று போய், மேலேயுள்ள பெட்டியில் ஒரு வாலை எழுதுங்கள். இப்போது அதைத் திறக்கும் நிரல் எது என்று தெரியும். அதைச் சொடுக்கி, விரும்பிய வேறு நிரலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவில் கோப்பின் மீது வலப்பக்கம் சொடுக்கி 'ஓப்பன் வித்' என்பதில் இதைச் செய்யலாம்.

எங்கள் எதிர்வீட்டு மாணவிக்கு நான் இந்த ஐந்தையும் அன்று இரவே செய்து காட்டினேன். நான்காவதில் அவள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். இப்போது எங்கள் தெருவில் படம் ஏறவில்லை என்றால் யாரும் என்னிடம் வருவதில்லை. அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கட்டும். அது உங்கள் வீடாக இருக்கட்டும்.